வெளியூர்க் கலைஞரை வைத்து வீட்டு ஸ்டூடியோவில் பாட்டை முடிப்பது எப்படி

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் சுவரில் கை வைத்துப் பார்த்தாலே அதிர்வு தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கதவு, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுக் குரலை மட்டும் எப்படியோ பதிவு செய்துவிடலாம். புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம் இதெல்லாம் அந்த அறையில் நடக்காது. அதனால் வெளியூர்க் கலைஞர்கள் அவர்கள் இடத்திலேயே வாசித்து ஃபைலை அனுப்ப, நான் இங்கே சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

மூன்று பாட்டுக்கு வெளியே கொடுத்தது மொத்தம் 29,700 ரூபாய். அதில் 3,100 ரூபாய் வீண். பணத்தை விடக் காலம்தான் அதிகம் போனது: எட்டு மாதம். யாரும் என்னை ஏமாற்றவில்லை. நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதில் போனவைதான் இவை எல்லாம். எதிரே உட்கார்ந்திருக்கும் கலைஞரிடம் பாடிக் காட்டலாம், கை காட்டலாம். முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு நீங்கள் அனுப்பும் ஃபைலும் நாலு வரிக் குறிப்பும் மட்டும்தான். நீங்கள் சேலத்தில் இருந்தாலும் ஏற்காட்டில் இருந்தாலும், முதல் முறை இறங்குகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. கலைஞரிடம் பதிவு வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

வாசிப்பவர் எல்லோரிடமும் மைக் இருக்காது. சென்னையில் சினிமாவுக்கு வாசிக்கும் வயலின், கிடார், புல்லாங்குழல் கலைஞர்கள் பலர் வீட்டிலேயே ஒரு அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் இருக்கும் நாதஸ்வரக் கலைஞருக்கு அநேகமாக ஒரு ஸ்டூடியோவை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். அந்த வாடகை யாருடையது, போய்வரும் செலவு யாருடையது என்று முதல் போனிலேயே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை. 12,000 ரூபாய்க்கு நாதஸ்வரமும் தவிலும் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஸ்டூடியோவுக்கு 1,600 ரூபாய் தனி என்பது அவர்கள் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

ஆளைத் தேட இரண்டு வழி. தெரிந்தவர் மூலம் போவது ஒன்று. கோயில் கச்சேரிகளுக்கு வாசிப்பவர், சர்ச் குவயரில் கீபோர்டு வாசிப்பவர், இசைப்பள்ளி ஆசிரியர் என்று யாரைக் கேட்டாலும் இரண்டு எண் தருவார்கள். சவுண்ட்பெட்டர், ஏர்கிக்ஸ், ஃபைவர் போன்ற தளங்கள் இன்னொன்று. நம் ஊர்க் கருவிகளுக்கு முதல் வழிதான் நல்லது. வெளிநாட்டு செல்லோ, பேஸ் கிடார், டிரம்ஸ் என்றால் தளங்களில் ஆள் அதிகம். வேலை முடிந்தது என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் வரை பணத்தைத் தளமே வைத்திருக்கும் என்பதும் ஒரு பாதுகாப்பு.

எந்த வழியில் போனாலும் காணொளியை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யாதீர்கள். ஏற்காட்டில் இருக்கும் என் நண்பர், நன்றாக வாசித்த ஒரு பதிவைக் கேட்டு 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார். வாசித்தவர் வேறொருவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்து நிமிடம் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். உங்கள் பாட்டின் பல்லவி மெட்டை நாலு வரி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான கலைஞர் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

2. கட்டையை முடிவு செய்யுங்கள்

கட்டை என்பது பாட்டின் அடிப்படைச் சுருதி. நான் அதிகம் அடிபட்டது இதில்தான். கீபோர்டுக்கும் வயலினுக்கும் எந்தச் சுருதியும் சரி. நாதஸ்வரத்துக்கு அப்படி இல்லை. கருவி செய்யும்போதே அதன் சுருதி நிலைத்துவிடுகிறது. சீவாளியை (வாயில் வைத்து ஊதும் துண்டை) மாற்றி, ஊதும் பலத்தை மாற்றிக் கொஞ்சம் சரிக்கட்டலாம், அவ்வளவுதான். இன்று அதிகம் வாசிக்கப்படும் பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) இரண்டு, இரண்டரைக் கட்டையை ஒட்டி இருக்கும்.

என் குரலுக்கு வசதி ஒரு கட்டை. அதில் பாடி, எல்லா வாத்தியமும் சேர்த்துப் பாட்டை அனுப்பிவிட்டேன். கலைஞர் ஸ்டூடியோவில் உட்கார்ந்த பிறகு போன் வந்தது.

“தம்பி, பாட்டு ஒரு கட்டையில இருக்கு. என் நாயனம் ரெண்டு. இதை வச்சுக்கிட்டு நான் எங்க ஊதறது?”

“அண்ணே, கொஞ்சம் ஏத்தி அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க. ஆனா இங்க மணி ஓடிக்கிட்டு இருக்கு, பாத்துக்கங்க.”

மென்பொருளில் ஒரு கட்டை ஏற்றிப் பார்த்தேன். வாத்தியங்கள் பரவாயில்லை, குரல் வேறு யாரோ பாடுவது போல் ஆகிவிட்டது. அன்றைய ஸ்டூடியோ வாடகை போயிற்று. பிறகு இரண்டு ராத்திரி உட்கார்ந்து முழுப் பாட்டையும் இரண்டு கட்டையில் திரும்பப் பாடினேன். இன்னொரு நாளுக்கு இன்னொரு 1,600 ரூபாய்.

ஆகவே குரலைப் பதிவு செய்வதற்கு முன்பே கலைஞரிடம் கேளுங்கள்: “உங்களிடம் எந்தக் கட்டைக் கருவி இருக்கிறது?” புல்லாங்குழல் கலைஞர் பல கட்டைக் குழல்கள் வைத்திருப்பார், ஆனால் எல்லாக் குழலும் ஒரே அளவு நன்றாக இருக்காது. எது அவருக்குப் பிடித்த குழல் என்று கேட்டு, முடிந்தால் பாட்டை அதற்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மிருதங்கத்துக்கும் கட்டை சொல்ல வேண்டும். தாழ்ந்த சுருதி மிருதங்கமும் உயர்ந்த சுருதி மிருதங்கமும் தனித்தனிக் கருவிகள்.

மேற்கத்தியக் கருவி வாசிப்பவரிடம் கட்டை என்று சொன்னால் புரியாது. கணக்கு இதுதான்: ஒன்று என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. மூன்றுக்கு அடுத்து நேராக நான்கு. மூன்றரை என்று ஒன்று கிடையாது. குறிப்பில் இரண்டு முறையையும் எழுதுங்கள்: “2 கட்டை, அதாவது டி”. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் போட்டிருந்தால், விரல் எங்கே இருக்கிறது என்பதை எழுதாதீர்கள். காதில் என்ன கேட்கிறதோ அதை எழுதுங்கள்.

3. அனுப்ப வேண்டிய ஃபைல்கள்

ஐந்து ஃபைல் போதும். ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழ்ப் பெயர் சில மென்பொருளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

முதலாவது, முழுப் பாட்டும் சேர்ந்த மிக்ஸ். இரண்டாவது, அதே மிக்ஸ், ஆனால் அவர் வாசிக்க வேண்டிய வரிகளைக் கீபோர்டில் வாசித்தோ வாயால் பாடியோ சேர்த்தது. என் அனுபவத்தில் பாடியதுதான் மேல். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுப்பது, கீபோர்டில் வராது. சுமாராகப் பாடினாலும் எந்த ஸ்வரத்தை எங்கே இழுக்க வேண்டும் என்பது கலைஞருக்குப் புரிந்துவிடும். மூன்றாவது, கிளிக் (தாளத்துக்குத் தட்டும் டிக் டிக் சத்தம்) மட்டும். நான்காவது, தம்புரா மட்டும். ஐந்தாவது, குறிப்பு எழுதிய ஒரு பக்கம்.

ஆடியோ ஃபைல் நான்கும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். அவர் வாசிப்பது இரண்டாவது நிமிடத்தில் வரும் இடையிசை மட்டும்தான் என்றாலும், அவர் அனுப்புவதும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கட்டும். நீங்கள் அதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் இடத்தில் உட்கார்ந்துவிடும். பாட்டுக்கு முன்னால் இரண்டு ஆவர்த்தம் (தாளத்தின் முழுச் சுற்று) வெறும் கிளிக் விடுங்கள்.

எல்லாம் வேவ் ஃபைலாக (சுருக்காத ஆடியோ), 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் (செகண்டுக்கு 48,000 முறை சத்தத்தை அளந்து பதியும் வேகம்) இருக்கட்டும். எம்பி3 அனுப்பினால் அளவு குறையும், உண்மைதான். ஆனால் எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் தொடக்கத்தில் மில்லிசெகண்ட் கணக்கில் ஒரு சின்ன மௌனம் சேர்ந்துவிடும். சில மென்பொருள் அதை நீக்கும், சில நீக்காது. நீக்காவிட்டால் கலைஞர் தாளத்தில் சரியாக வாசித்திருந்தும் உங்களிடம் வரும்போது ஒரு மயிரிழை தள்ளியே நிற்கும். தவிலில் அது நன்றாகவே தெரியும்.

48 என்பதைக் குறிப்பிலும் எழுதுங்கள், போனிலும் சொல்லுங்கள். எனக்குப் புல்லாங்குழல் 44.1-இல் வந்தது. என் மென்பொருளில் தானாக மாற்றும் வசதியை நான் அணைத்து வைத்திருந்தேன். நான்கு நிமிடப் பாட்டுக்கான ஃபைல் 3 நிமிடம் 40 செகண்டில் முடிந்தது. சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிக் கேட்டது. கலைஞர் வேறு குழலில் வாசித்துவிட்டார் என்று நினைத்து, 1,500 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. ஃபைல் வேகமாக ஓடி, சுருதியும் கூடவே ஏறியிருந்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

குறிப்புப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: பாட்டின் பெயர், கட்டை, ஏ 440 என்ற சுருதி அளவு, தாளம், நிமிடத்துக்கு எத்தனை கிளிக், எந்த நிமிடம் எந்த செகண்டில் அவர் நுழைய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும். 80 என்று எழுதினால் ஒருவர் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு ஆவர்த்தம் என்று எடுப்பார், இன்னொருவர் அதை 160 என்று எண்ணுவார். “ஆதி தாளம், 80, ஒரு கிளிக்குக்கு ஒரு எண்ணிக்கை” என்று தெளிவாக எழுதிவிடுங்கள். பாட்டில் வேகம் மாறுகிறது என்றால் டெம்போ மாற்றம் சேர்ந்த மிடி ஃபைலையும் (சத்தம் இல்லாமல் ஸ்வர, வேகக் குறிப்பு மட்டும் உள்ள ஃபைல்) கூட அனுப்புங்கள்.

அனுப்பும் வழி: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி, ஸ்டீரியோ அதைப் போல் இரண்டு மடங்கு. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் நேரடியாக இணைக்க முடியாது. கூகுள் டிரைவில் போட்டு, இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டு அனுப்புங்கள். இதை மறந்தால் ஒரு நாள் போய்விடும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் டாகுமென்ட்டாக அனுப்புங்கள். குரல் பதிவாகவோ வீடியோவாகவோ போனால் சத்தம் நசுங்கிவிடும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக் காலத்தில் கரண்டும் நெட்டும் போய்ப் போய் வரும். பதிவு நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஃபைலை ஏற்றிவிடுங்கள். நான் சொன்ன நண்பர் பெரிய ஃபைல் எதுவானாலும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்துதான் ஏற்றுகிறார்.

4. பணம் பேசுவது

“ஒரு பாட்டுக்கு எவ்வளவு” என்று கேட்டால் வருகிற பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கீழே உள்ளதை எல்லாம் சேர்த்துக் கேளுங்கள்: எத்தனை நிமிட வாசிப்பு, எத்தனை டேக் (முழுதாக ஒரு முறை வாசித்த பதிவு) தருவார், எத்தனை முறை திருத்தித் தருவார், இரண்டு மைக் வைத்தால் இரண்டு ஃபைலும் தனித்தனியாகக் கிடைக்குமா, ஸ்டூடியோவும் என்ஜினியரும் இதில் அடக்கமா, எத்தனை நாளில் வரும்.

நான் கொடுத்தது: ஒரு பாட்டுக்குப் புல்லாங்குழல் 5,000, இரண்டு பாட்டுக்கு வயலின் 8,000, ஒரு பாட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும் 12,000. பெயர் பெற்ற கலைஞர் என்றால் இதைப் போல் பல மடங்கு ஆகும். அளவுக்கு மீறிப் பேரம் பேசாதீர்கள். அவர் வீட்டில் சாதகம் செய்த இருபது வருடத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம்.

திருத்தம் என்றால் எது என்பதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். சுருதி விலகல், தாளம் விலகல், சத்தம் வெடித்திருப்பது இவை அவர் பக்கம், கட்டணம் இல்லாமல் சரிசெய்து தர வேண்டும். நீங்கள் மெட்டை மாற்றினாலோ, கட்டையை மாற்றினாலோ, “இன்னும் நாலு இடத்தில் சேர்க்கலாம்” என்று தோன்றினாலோ அது உங்கள் செலவு. இப்படிப் பிரித்து வைத்தால் நட்பும் கெடாது.

பாதி முன்பணம், மீதி வாசிப்பைக் கேட்ட பிறகு என்பது இரண்டு பேருக்கும் நியாயம். அவர் முதலில் எம்பி3 அனுப்புவார், நீங்கள் கேட்டு ஒப்புக்கொண்டு பணம் போட்டதும் வேவ் ஃபைல் வரும். யுபிஐயில் அனுப்பும்போது குறிப்பில் பாட்டின் பெயரையும் “முன்பணம்” அல்லது “முழுப் பணம்” என்பதையும் எழுதுங்கள். பிறகு அதுவே ரசீது போல் உதவும்.

வெளிநாட்டுத் தளத்தில் டாலரில் கொடுப்பதாக இருந்தால், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும், முடிந்ததும் மூடிவிடுங்கள். தளத்தின் சேவைக் கட்டணம், வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி எல்லாம் சேரும். 100 டாலர் என்று காட்டினால் கையில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒப்புதல் கடிதம்

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். பணம் கொடுத்துவிட்டோம், எல்லாம் நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957, வாசித்தவருக்கும் தன் வாசிப்பின் மேல் உரிமை தருகிறது. வாசித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு அது நிற்கும். அந்த உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவது என்றால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. கடிதத்தில் எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் போடும் பாட்டு உலகம் முழுக்கப் போகிறது. அதனால் “உலகம் முழுவதும்” என்றும், காலம் எவ்வளவு என்றும் கட்டாயம் எழுதுங்கள். உரிமையை வாங்கி ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும், வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. பாட்டு எப்போது வெளியாகும் என்று உறுதியில்லை என்றால் அதற்கும் ஒரு வரி சேருங்கள்.

ஒரு பக்கம் போதும். இரண்டு பேர் பெயரும் முகவரியும், பாட்டின் பெயர், கருவி, வாசித்த தேதி, தொகை, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லை, பெயர் எப்படிப் போட வேண்டும், கையெழுத்து. தமிழிலேயே எழுதுங்கள். அவருக்குப் புரிந்த மொழியில் இருந்தால்தான் அவர் மனதாரக் கையெழுத்துப் போடுவார். அடையாள அட்டை நகல் ஒன்றும், வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் வாங்கிக்கொள்ளுங்கள். கலைஞரை ஊரில் அழைக்கும் பெயரும் கணக்கில் உள்ள பெயரும் வேறாக இருப்பது சகஜம். ஸ்கேன் மின்னஞ்சலில் வந்தாலும் அசலை ஸ்பீடு போஸ்டில் வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

“இடையிசையை நீங்களே ஏதாவது பார்த்துப் போடுங்கள்” என்று சொல்லும் முன் யோசியுங்கள். அப்படி அவர் புதிதாக மெட்டுப் போட்டால் அந்தப் பகுதிக்கு அவர் இசையமைப்பாளர் ஆகிறார். அது நல்லதுதான், ஆனால் அதற்குத் தனித் தொகையா, பங்கா என்று முதலிலேயே பேசி எழுதுங்கள். சினிமாப் பாட்டின் துண்டு எதையும் உள்ளே நுழைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வெளியிட்ட மறுநாளே யூடியூபில் உரிமைக் கோரல் வந்து நிற்கும்.

6. நாள் பார்ப்பது

முகூர்த்த நாளில் நாதஸ்வர, தவில் கலைஞர் கிடைக்க மாட்டார். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் தேதி வாங்குவது கஷ்டம். கல்யாணம் நடக்காத மாதங்களில் எளிது. ஆனால் ஆடியில் நம் ஊரில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், பம்பை, உறுமி கலைஞர்களைப் பிடிக்கவே முடியாது. கச்சேரி வாசிக்கும் வயலின், மிருதங்கக் கலைஞர்களுக்கு டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சென்னை சபாக்களில் வேலை. சர்ச்சில் வாசிப்பவர்களைக் கிறிஸ்துமஸ் முடியும் வரை கேட்காதீர்கள்.

பாட்டு வெளியிடும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கலைஞருக்குப் பத்து நாள், திருத்தத்துக்கு ஒரு வாரம், மிக்ஸுக்கு ஒரு வாரம், யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏறுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம். தை முதல் நாள் வெளியிட நினைத்தால் டிசம்பர் தொடக்கத்திலேயே ஃபைல் போயிருக்க வேண்டும்.

7. வாசிக்கும்போது கேட்பது

முடிந்தால் அந்த நேரத்தில் போனில் இருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க முடியாது, நெட்டில் வரும் தாமதம் விடாது. ஆனால் அவர் வாசிப்பதைக் கேட்டு “அந்தக் கடைசி சங்கதியை (அதே வரியை மாற்றி வாசிக்கும் விதம்) இன்னும் குறைத்து” என்று சொல்லலாம். ஜூமில் பேசினால் இசைக்கான ஒரிஜினல் சவுண்ட் வசதியை அவர் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து அது அமுக்கிவிடும்.

நாதஸ்வரம் இரண்டாம் முறை பதிவானபோது நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் டேக் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது. “அண்ணே, இப்ப உங்க மனசுக்கு வந்த மாதிரி ஒண்ணு” என்றேன். அந்த டேக்தான் இன்று பாட்டில் இருக்கிறது. குறிப்பின்படி இரண்டு டேக், அவர் இஷ்டப்படி ஒன்று என்று எப்போதும் கேளுங்கள்.

8. வந்த ஃபைலைச் சரிபார்ப்பது

வந்த அன்றே திறந்து பாருங்கள். ஒரு மாதம் கழித்துக் குறை சொன்னால் அவர் கணினியில் அந்தப் பதிவு இருக்காது.

ஹெட்போன் போட்டுத் தனியாகக் கேளுங்கள், மற்ற வாத்தியங்களோடு வேண்டாம். அவர் ஹெட்போனிலிருந்து கசிந்த கிளிக் சத்தம் மைக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கும்போது தெரியாது, கடைசி ஸ்வரம் மெல்ல அடங்கும் இடத்தில் டிக் டிக் என்று கேட்கும். மூடிய வகை ஹெட்போன் போடச் சொல்வதும், கிளிக்கைப் பாட்டின் முடிவில் நிறுத்தி அனுப்புவதும் இதற்கு மருந்து. ஃபேன் சத்தம், அலை மேலே முட்டித் தட்டையான இடம் இவற்றையும் பாருங்கள். ரிவெர்ப் (எதிரொலி) சேர்த்து அனுப்பியிருந்தால் சேர்க்காததையும் கேளுங்கள். சேர்த்ததை நீங்கள் எடுக்க முடியாது.

குறை இருந்தால் நேரத்தோடு எழுதி அனுப்புங்கள்: “2 நிமிடம் 14 செகண்ட், ரிஷபம் கொஞ்சம் இறக்கம்”. “என்னவோ சரியில்லை” என்று சொன்னால் அவர் எதைத் திருத்துவார்?

9. மீதிப் பணம், பெயர்

ஒப்புக்கொண்ட அன்றே மீதியைப் போட்டுவிடுங்கள். அடுத்த பாட்டுக்கு அவர் போனை எடுப்பது இதைப் பொறுத்தது. பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேட்டு, ஊர்ப் பெயர், முதலெழுத்து எல்லாம் சரியாகப் போடுங்கள். தளங்களில் பாட்டை ஏற்றும்போது வாசித்தவர், கருவி என்று தனிக் கட்டம் வரும், அதைக் காலியாக விடாதீர்கள்.

வெளியான அன்று இணைப்பை அனுப்பினேன். தவில் வாசித்தவர் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். “தம்பி, என் பேரு கீழ இருக்குன்னு பொண்ணு காட்டுச்சு. அதை அப்படியே போட்டோ புடிச்சு அனுப்புங்க” என்றார். அனுப்பிவிட்டு, அவர் ஃபைல்களை எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, கடிதத்தின் அசலோடு ஒரே கவரில் வைத்தேன்.